ஞாயிறு ரோஸ்ட், திங்கள் பை: பிரிட்டிஷ் வீட்டுச் சமையலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டிஷ் வீட்டுச் சமையல் சுவையற்றது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அதை மாணவர் விடுதியிலோ அலுவலக உணவகத்திலோ மட்டும் உண்டவர்கள். குளிர்கால ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலையிலிருந்தே ஓவன் சூடாக இருக்கும் ஒரு வீட்டில், ஆட்டுத்தொடையும் உருளைக்கிழங்கும் வேகும் நேரத்தில் உள்ளே நுழைந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கெட்ட பெயருக்கு வரலாறும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரியில், வெண்ணெய், சர்க்கரை, பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) ஆகியவற்றுக்குப் பங்கீடு தொடங்கியது. போர் முடிந்த பின்னும் நீடித்த அந்த முறை, இறைச்சிக்கான கட்டுப்பாடு 1954 ஜூலை 4 அன்று நீங்கியபோதுதான் முடிவுக்கு வந்தது. நல்ல இறைச்சியையும் போதிய வெண்ணெயையும் காணாமலேயே ஒரு தலைமுறை அங்கே சமைக்கக் கற்றுக்கொண்டது.

ஆனால் அதற்கு முன்பும் பின்பும் அந்த நாட்டின் வீடுகளில் நிலைத்திருக்கும் சமையல் வேறு. அது மசாலாவை நம்பியதன்று. உப்பையும் கொழுப்பையும் நேரத்தையும் நம்பியது. ஒரே இறைச்சித் துண்டிலிருந்து வடியும் கொழுப்பு உருளைக்கிழங்கை மொறுமொறுப்பாக்குகிறது; தட்டில் ஒட்டிய சாறு கிரேவியாகிறது; உண்டபின் எஞ்சிய கறியும் கிரேவியும் மறுநாள், மேலே மசித்த கிழங்கைப் பரப்பி ஓவனில் வேகவைக்கும் பை என்னும் பண்டமாகின்றன; கடைசியில் மிஞ்சும் எலும்பு சூப்புக்குப் போகிறது. இந்த உணவு மனத்துக்குத் தரும் ஆறுதல், தனித்தனிப் பண்டங்களைக் காட்டிலும் இந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழிகாட்டி பத்துச் சமையல் குறிப்புகளைத் தொகுத்துத் தரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய உணவையும் அதன் வால்போல வரும் திங்கட்கிழமை இரவு உணவையும் முழுமையாகச் சமைப்பது எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறது.

தொடங்கும் முன்: ஓவனும் கருவிகளும்

பிரிட்டனில் இந்தச் சமையல் முறை வேரூன்றியதற்கு அடுப்படி அமைப்பே காரணம். பெரிய வீடுகளில் திறந்த நெருப்பின் முன் கம்பியில் கோத்த இறைச்சியைச் சுழற்றி வாட்டினார்கள். ஓவன் இல்லாத ஏழைக் குடும்பங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரங்களில், ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கள் இறைச்சித் தட்டை ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் கொடுத்துவிட்டு, பின்னர் வெந்ததை வாங்கிக்கொண்டு வீடு திரும்பின. ஒரே சூட்டில் பலவற்றை வேகவைக்கும் பழக்கம் அப்படி நிலைபெற்றது. நாமும் அதே முறையைத்தான் பின்பற்றப்போகிறோம்.

கீழே தரப்படும் வெப்ப அளவுகள் சாதாரண ஓவனுக்கானவை. விசிறி உள்ள ஓவனில் 20 டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் பழைய எரிவாயு ஓவன்களில் எண்கள் மட்டுமே இருக்கும். அவற்றில் 4 என்பது 180 டிகிரியையும், 7 என்பது 220 டிகிரியையும் குறிக்கும். கனமான உலோகத் தட்டுகள் இரண்டு வேண்டும்: ஒன்று இறைச்சிக்கு, மற்றொன்று உருளைக்கிழங்குக்கு. கண்ணாடித் தட்டுகள் இதற்கு ஏற்றவை அல்ல. கிரேவி செய்ய இறைச்சித் தட்டை நேரடியாக அடுப்பின் மேல் வைக்கவேண்டியிருக்கும். 12 குழிகள் கொண்ட மஃபின் தட்டு ஒன்றும், இறைச்சியின் உள்ளே குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றும் தேவை. வெப்பமானியை ஆடம்பரம் என்று எண்ணாதீர்கள். இந்த முழுச் சமையலிலும் ஊகத்துக்கு விடக்கூடாத ஒன்று இறைச்சியின் உள்வெப்பம்தான்.

இறைச்சியைத் தேர்ந்தெடுத்தல்

மரபுப்படி ஞாயிறு ரோஸ்டின் அரசன் மாட்டிறைச்சி. இங்கே ஆட்டுத்தொடையை எடுத்துக்கொள்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மாட்டிறைச்சி உண்ணாத வாசகர்கள் பலர் இருப்பார்கள் என்பது ஒன்று. திங்கட்கிழமை நாம் செய்யவிருக்கும் ஷெப்பர்ட்ஸ் பைக்கு உரிய இறைச்சி ஆட்டிறைச்சியே என்பது மற்றொன்று. நான்கு பேர் வயிறார உண்டு மறுநாளுக்கும் மிஞ்ச, எலும்போடு கூடிய 2 கிலோ தொடை சரியாக இருக்கும். எலும்பு நீக்கியதை வாங்க வேண்டாம்; சூப்புக்கு அந்த எலும்பு வேண்டும்.

பிரிட்டிஷ் கசாப்புக் கடைகளில் லாம்ப் என்று விற்கப்படுவது ஓராண்டுக்கு உட்பட்ட செம்மறிக்குட்டியின் இறைச்சி. வசந்தத்தில் வருவது மென்மையானது; கோடை முழுவதும் மேய்ந்து இலையுதிர்காலத்தில் கடைக்கு வருவதில் சுவை அதிகம். எனக்குப் பின்னதே பிடிக்கும். தமிழ்நாட்டில் கிடைக்கும் வெள்ளாட்டுத் தொடையில் இதைச் செய்பவர்கள் கீழ்வரும் கால அளவைப் பின்பற்றக் கூடாது. அந்தக் கறி இறுக்கமானது. ஒரு கோப்பை தண்ணீர் விட்டு, தட்டை இறுக மூடி, 150 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம் வேகவைத்து, பிறகு திறந்து சிவக்க விடவேண்டும். கோழியை விரும்புபவர்கள் 190 டிகிரியில், கிலோவுக்கு 45 நிமிடமும் அதன்மேல் 20 நிமிடமும் கணக்கிட்டு, தொடையின் ஆழத்தில் 75 டிகிரி வந்ததும் எடுக்கலாம்.

நேரக் கணக்கு

இந்த உணவில் தடுமாறுபவர்கள் சமைக்கத் தெரியாமல் தடுமாறுவதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் சூடாக மேசைக்கு வரவேண்டும் என்பதில்தான் தடுமாறுகிறார்கள். உண்ணும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதே வழி. மதியம் 1.30 மணிக்கு உண்பதாக வைத்துக்கொள்வோம்.

9.45 மணிக்கு இறைச்சியைக் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். 10.30 மணிக்கு ஓவனை 220 டிகிரிக்கு ஏற்றுங்கள். அது சூடாகும் வேளையில் யார்க்‌ஷயர் புட்டிங்கின் (முட்டை, பால், மைதா சேர்த்துப் பொங்க வேகவைக்கும் பண்டம்) மாவைக் கரைத்து வையுங்கள். 11 மணிக்கு இறைச்சி உள்ளே போகும். 11.20க்குச் சூட்டை 180 ஆகக் குறைக்கவேண்டும். 12 மணிக்கு உருளைக்கிழங்கு உள்ளே போகும். 12.40க்கு இறைச்சி வெளியே வந்து ஓய்வெடுக்கும். ஓவன் மீண்டும் 220க்கு ஏறும். 12.55க்குப் புட்டிங் மாவு உள்ளே போகும். 1.20க்கு உருளைக்கிழங்கும் புட்டிங்கும் வெளியே வர, இறைச்சி வெட்டப்படும். உணவு மேசைக்குப் போகும்போது, சூட்டை 180க்குக் குறைத்து ஆப்பிள் கிரம்பிளை (உதிரி மாவு தூவி வேகவைக்கும் ஆப்பிள் இனிப்பு) உள்ளே தள்ளிவிட்டால், தட்டுகள் காலியாகும் நேரத்தில் அது தயாராகிவிடும். இதைக் காகிதத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது. பல ஆண்டுகள் சமைத்தவர்களும் அப்படிச் செய்வதுண்டு.

இறைச்சி

தொடையை நன்கு ஒற்றியெடுத்து உலர வையுங்கள். கூரிய கத்தியால் 15 இடங்களில் ஆழமாகக் குத்தி, ஒவ்வொரு துளையிலும் ஒரு மெல்லிய பூண்டுத் துண்டையும் ரோஸ்மேரி இலைகள் சிலவற்றையும் செருகுங்கள். வெளிப்புறம் முழுவதும் சிறிது எண்ணெய் தடவி, உப்பையும் மிளகையும் தாராளமாகத் தேயுங்கள். உப்பு சமையலுக்கு முந்தைய இரவே போடப்பட்டால் உள்ளே இறங்கும். காலையில் போட்டால் மேற்புறத்திலேயே நிற்கும். இறைச்சித் தட்டில் நான்காக வெட்டிய இரண்டு வெங்காயத்தையும் இரண்டு காரட்டையும் பரப்பி, அதன்மேல் தொடையை வையுங்கள். இந்தக் காய்கள் உண்பதற்கானவை அல்ல. வடியும் சாற்றில் ஊறிக் கருகாமல் பழுப்பேறி, கிரேவிக்கு இனிப்பையும் நிறத்தையும் தருவது அவற்றின் வேலை. அவை கருகுவதுபோல் தெரிந்தால் அரைக் கோப்பை தண்ணீர் விடுங்கள்.

முதல் 20 நிமிடம் 220 டிகிரி. அதன்பின் 180 டிகிரியில் 500 கிராமுக்கு 20 நிமிடம் என்ற கணக்கில், 2 கிலோவுக்கு 80 நிமிடம். எலும்பைத் தொடாமல் சதையின் நடுவில் வெப்பமானியைக் குத்துங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் வேண்டுபவர்கள் 55 டிகிரியிலும், முழுதாக வெந்திருக்க வேண்டும் என்பவர்கள் 70 டிகிரியிலும் எடுக்கலாம். வெளியே எடுத்தபின்னும் உள்வெப்பம் சில டிகிரி ஏறும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எடுத்தவுடன் வெட்டக் கூடாது. வேறொரு தட்டுக்கு மாற்றி, அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தி, 30 முதல் 40 நிமிடம் விடவேண்டும். சூட்டில் சுருங்கிய தசைநார்கள் இந்த நேரத்தில் தளர்ந்து சாற்றைத் தம்மிடமே பிடித்துக்கொள்கின்றன. ஓவனில் இப்போது இறைச்சி இல்லாததால் உருளைக்கிழங்குக்கும் புட்டிங்குக்கும் தேவையான கடுஞ்சூட்டை ஏற்ற முடிகிறது. இறைச்சியின் ஓய்வு நேரமும் மற்றவற்றின் சமையல் நேரமும் இவ்வளவு பொருத்தமாக ஒன்றிப்போவது, இந்த உணவைப் பல தலைமுறையினர் மெருகேற்றியதன் விளைவு.

ரோஸ்ட் உருளைக்கிழங்கு

ஒரு பிரிட்டிஷ் குடும்பத்தில் ரோஸ்டைப் பற்றிச் சண்டை வந்தால் அது உருளைக்கிழங்கைப் பற்றியதாகவே இருக்கும். இறைச்சி சற்று உலர்ந்துபோனாலும் மன்னிப்பார்கள். கிழங்கு மெத்தென்று நனைந்திருந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

மாவுச்சத்து மிகுந்த வகையே வேண்டும். கேம்பிரிட்ஜில் இருந்த தாவர இனப்பெருக்க நிலையத்தில் உருவாகி 1966இல் அறிமுகமான மாரிஸ் பைப்பர், 1902இல் வெளிவந்த கிங் எட்வர்ட் ஆகிய இரண்டும் இதற்குப் பெயர்பெற்றவை. மெழுகுத்தன்மையுள்ள புதுக்கிழங்குகள் எவ்வளவு வறுத்தாலும் மொறுமொறுப்பு அடையா.

1.5 கிலோ கிழங்கைத் தோல் சீவி, பெரிய எலுமிச்சையளவுத் துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் கூரிய விளிம்புகள் அமையும்படி வெட்டுங்கள். உப்பிட்ட குளிர்ந்த நீரில் போட்டு, கொதி வந்தபின் 8 நிமிடம் வேகவிடுங்கள். விளிம்புகள் மாவுமாவாகக் கரையத் தொடங்கும்போது வடித்து, நீரில் ஒரு கோப்பையைக் கிரேவிக்கு எடுத்துவையுங்கள். பாத்திரத்திலேயே 3 நிமிடம் ஆவி பறக்க விடுங்கள். ஈரம் போகாத கிழங்கு எண்ணெயில் வேகுமே தவிர முறுகாது. பிறகு மூடியைப் போட்டு, பாத்திரத்தை இரு கைகளாலும் பிடித்து நாலைந்து முறை குலுக்குங்கள். மேற்புறம் சொரசொரப்பாகி, கரைந்த மாவு கிழங்கின்மேல் ஒரு பசைபோல் படியும். சூடான கொழுப்பில் இந்தப் பசைதான் கண்ணாடிபோல் மொறுமொறுக்கும் ஓடாக மாறுகிறது.

இதற்குள், 11.45 மணிக்கே, இரண்டாவது தட்டில் 6 மேசைக்கரண்டி கொழுப்பை ஓவனில் வைத்துச் சூடாக்கியிருக்க வேண்டும். இறைச்சித் தட்டில் வடிந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்து இதோடு சேர்ப்பதே மிகச் சிறந்தது. அது போதாத இடத்தை வாத்துக் கொழுப்பாலோ சூரியகாந்தி எண்ணெயாலோ நிரப்புங்கள். கிழங்கைப் போடும்போது சீறும் ஓசை கேட்கவேண்டும். ஒவ்வொரு துண்டையும் கொழுப்பில் புரட்டி, ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். இறைச்சி ஓவனில் இருக்கும் 40 நிமிடமும் கிழங்கு மெதுவாக வேகும். சூடு 220க்கு ஏறியபின் அடுத்த 40 நிமிடத்தில் பொன்னிறமாகும். 12.35க்கு ஒரு முறையும் 12.55க்கு ஒரு முறையும் புரட்டிவிட்டால் போதும். அடிக்கடி புரட்டினால் ஓடு உடைந்துபோகும்.

யார்க்‌ஷயர் புட்டிங்

நெருப்பின் முன் இறைச்சி சுழன்ற காலத்தில் அதன் அடியில் ஒரு தட்டு இருந்தது. வடியும் கொழுப்பு வீணாகாமல் இருக்க அந்தத் தட்டில் முட்டையும் பாலும் மாவும் கலந்த கரைசலை ஊற்றினார்கள். இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து நாடெங்கும் பரவிய இந்தப் பண்டத்தை, ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட தமது சமையல் நூலில் யார்க்‌ஷயரின் பெயராலேயே குறிப்பிட்டார். இறைச்சி குறைவாக இருந்த வீடுகளில் இதைக் கிரேவியோடு முதலில் பரிமாறினார்கள். வயிறு பாதி நிரம்பியபின் இறைச்சி எல்லோருக்கும் எட்டும். இன்றும் யார்க்‌ஷயரின் பழைய குடும்பங்கள் சிலவற்றில் அந்த வரிசை மாறவில்லை. மரபுப்படி இது மாட்டிறைச்சியின் துணை. ஆனால் இப்போது எந்த ரோஸ்டானாலும் குழந்தைகள் இதைக் கேட்பார்கள்.

அளவு எளிது: முட்டை, பால், மைதா ஆகிய மூன்றும் கொள்ளளவில் சமம். நான்கு முட்டைகளை ஒரு கோப்பையில் உடைத்து, அது எவ்வளவு உயரம் வருகிறது என்று பாருங்கள். அதே அளவு மைதாவும் அதே அளவு பாலும் எடுங்கள். ஏறக்குறைய 140 கிராம் மாவும் 200 மில்லி பாலும் வரும். கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து, முதலில் மாவில் முட்டையை அடித்துக் கட்டியில்லாமல் ஆக்கி, பிறகு பாலைச் சிறிது சிறிதாக விடுங்கள். தோசைமாவைவிட நீர்த்து, பாலேடுபோல் ஓடவேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

பொங்கி எழச்செய்வது சோடா மாவு அன்று, சூடுதான். 12.45க்கு மஃபின் தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒரு தேக்கரண்டி கொழுப்பை விட்டு, ஓவனின் மேல்தட்டில் வையுங்கள்; உருளைக்கிழங்கைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். பத்து நிமிடத்தில் கொழுப்பு லேசாகப் புகையும். தட்டை வெளியே எடுத்து, வேகமாகக் குழிகளில் பாதியளவு கரைசலை ஊற்றி, உடனே உள்ளே வைத்துவிடுங்கள். கொதிக்கும் கொழுப்பு பட்டதும் அடிப்பகுதி இறுகிக்கொள்ள, உள்ளேயிருக்கும் ஈரம் நீராவியாகி மாவை மேல்நோக்கித் தள்ளும். முட்டையின் புரதம் உறைந்து அந்த உயரத்தைத் தாங்கும் வரை கதவைத் திறக்கவே கூடாது. 20 முதல் 25 நிமிடம் பொறுத்திருங்கள். விளிம்பு அடர்ந்த பழுப்பாகும் முன் எடுத்தால் அமுங்கிவிடும். நான்கு அங்குலத்துக்குக் குறைவான உயரமுள்ளதை யார்க்‌ஷயர் புட்டிங் என்று சொல்ல முடியாது என்று பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகமே 2008இல் அறிவித்தது. நடு குழிந்து, கிரேவியைத் தேக்கிவைக்கும் கிண்ணம்போல் அது வரவேண்டும்.

முட்டை மாவு மீந்தால் அதை எறிய வேண்டாம். சாசேஜுகளை ஒரு தட்டில் வறுத்து, அதன்மேல் இதை ஊற்றி வேகவைப்பதே டோட்-இன்-தி-ஹோல் என்னும் மற்றொரு வார நாள் உணவு.

கிரேவி

இந்தச் சமையலில் ஒரே ஒரு திறனை மட்டும் கற்க முடியும் என்றால் கிரேவியைக் கற்றுக்கொள்ளுங்கள். தட்டிலுள்ள எல்லாவற்றையும் ஓர் உணவாக இணைப்பது அதுவே.

இறைச்சியை மாற்றியபின், தட்டைச் சாய்த்துக் கொழுப்பை வடித்து, இரண்டு மேசைக்கரண்டி மட்டும் விட்டுவையுங்கள். காய்கள் தட்டிலேயே இருக்கட்டும். தட்டை நடுத்தரத் தீயில் வைத்து, இரண்டு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, மரக்கரண்டியால் கிளறியபடி 2 நிமிடம் வறுங்கள். பச்சை மாவின் வாடை போகவேண்டும். 500 மில்லி சூடான எலும்புச் சாற்றையும், எடுத்துவைத்த கிழங்கு நீரையும் கொஞ்சங்கொஞ்சமாக விடுங்கள். அடியில் பிடித்திருக்கும் பழுப்புப் படிவு ஒவ்வொன்றையும் சுரண்டிக் கரையுங்கள். சுவை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. 10 நிமிடம் கொதித்தபின், காய்களைக் கரண்டியால் நசுக்கி வடிகட்டுங்கள். ஓய்விலிருக்கும் இறைச்சியைச் சுற்றித் தேங்கிய சாற்றையும் கடைசியில் சேர்த்து, அதன்பிறகே உப்புப் பாருங்கள். கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டினால் பதம் சரி.

பிரிட்டனில் 1908 முதல் பிஸ்டோ என்ற கிரேவித் தூள் விற்பனையில் உள்ளது. பல வீடுகளில் அதில் ஒரு தேக்கரண்டியை நிறத்துக்காகச் சேர்ப்பார்கள், அதில் தவறில்லை. தட்டின் படிவுக்குப் பதிலாக அதை மட்டுமே பயன்படுத்துவதுதான் இழப்பு. இறைச்சி உண்ணாதவர்கள், மெல்லியதாக அரிந்த வெங்காயத்தையும் காளானையும் வெண்ணெயில் அரை மணி நேரம் அடர்பழுப்பாகும் வரை வதக்கி, அதே முறையில் மாவும் காய்கறிச் சாறும் சேர்த்தால் ஆழமான கிரேவி கிடைக்கும்.

துணைகள்

காரட், முட்டைக்கோஸ், பட்டாணி ஆகியவற்றை உப்பு நீரில் பற்களுக்குத் தட்டுப்படும் பதத்தில் வேகவைத்து, சிறிது வெண்ணெய் போட்டால் போதும். குழைய வேகவைப்பதுதான் இந்தச் சமையலுக்குக் கெட்ட பெயர் தேடித்தந்த பழைய பழக்கம்.

ஆட்டிறைச்சிக்குப் புதினா சாஸ் தவறாமல் வேண்டும். ஒரு கைப்பிடி புதினா இலையை ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடும் ஒரு சிட்டிகை உப்போடும் கத்தியால் மிகப் பொடியாக நறுக்கி, 2 மேசைக்கரண்டி கொதிநீர் விட்டு ஆறவைத்து, 3 மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். துவையல்போல் அரைக்கக் கூடாது. கொழுப்பின் கனத்தை இந்தப் புளிப்பு உடனே வெட்டிவிடும்.

ஆப்பிள் கிரம்பிளும் கஸ்டர்டும்

பங்கீட்டுக் காலத்தின் கொடைகளில் இது ஒன்று. பேஸ்ட்ரிக்கு வேண்டிய கொழுப்பும் மாவும் கிடைக்காத நாட்களில், குறைந்த கொழுப்பில் உதிரியாகப் பிசைந்த மாவைப் பழத்தின்மேல் தூவி வேகவைக்கும் முறை நாடெங்கும் பரவியது. பங்கீடு நீங்கியபின்னும் மக்கள் அதைக் கைவிடவில்லை.

பிராம்லி என்னும் சமையல் ஆப்பிளே இதற்கு உரியது. நாட்டிங்கம்‌ஷயரின் சௌத்வெல் ஊரில் 1809இல் ஒரு சிறுமி நட்ட விதையிலிருந்து வந்த மரம் அதன் தாய்மரம். மிகுந்த புளிப்பினால் அது வெந்ததும் பஞ்சுபோல் கரையும். கிடைக்காத இடத்தில் பச்சை நிறப் புளிப்பு ஆப்பிள்களோடு ஒரு எலுமிச்சையின் சாற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். துண்டுகள் கரையாமல் நிற்கும், அவ்வளவுதான்.

900 கிராம் ஆப்பிளைச் சீவி, துண்டாக்கி, 100 கிராம் சர்க்கரையோடு ஆழமான பாத்திரத்தில் இடுங்கள். 200 கிராம் மைதாவில் 100 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனிகளால் தேய்த்து, ரொட்டித்தூள்போல் ஆனதும் 100 கிராம் பழுப்புச் சர்க்கரையும் ஒரு கைப்பிடி ஓட்ஸும் கலந்து, அழுத்தாமல் மேலே தூவுங்கள். 180 டிகிரியில் 40 நிமிடம். ஓரங்களில் பழச்சாறு குமிழியிட்டு மேலேறி மாவில் ஒட்டியிருப்பதே தயார் என்பதற்கு அடையாளம்.

கஸ்டர்டுக்கு 500 மில்லி பாலை வெனிலாவோடு சூடாக்குங்கள். 4 மஞ்சள்கரு, 50 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி சோளமாவு ஆகியவற்றை அடித்து, அதில் சூடான பாலை மெல்ல ஊற்றிக் கலந்து, மீண்டும் சிறு தீயில் கெட்டியாகும் வரை கிளறுங்கள். முட்டை சேராத கஸ்டர்ட் தூளை பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் 1837இல் உருவாக்கினார். முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகச் செய்த கலவை அது. இன்று பெரும்பாலான பிரிட்டிஷ் வீடுகள் கஸ்டர்ட் என்றால் அந்தத் தூளின் சுவையையே நினைக்கின்றன. டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சூடான கஸ்டர்டின் அருமை அந்த மாதத்தில்தான் முழுதாகப் புரியும்.

திங்கட்கிழமை: ஷெப்பர்ட்ஸ் பை

உணவு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் மீந்த இறைச்சியை எலும்பிலிருந்து பிரித்து, கிரேவியோடும் காய்களோடும் தனித்தனியாகக் குளிர்பெட்டியில் வைத்துவிடவேண்டும். இரண்டு நாட்களுக்குள் பயன்படுத்தவேண்டும். திங்கட்கிழமை துணி துவைக்கும் நாளாக இருந்த காலத்தில், அடுப்பருகே நிற்க நேரமில்லாத பெண்கள் இந்த மீந்த இறைச்சியைக் குளிர்ச்சியாகவே பரிமாறினார்கள். சற்று நேரம் கிடைத்தவர்கள் இந்தப் பையைச் செய்தார்கள். மாட்டிறைச்சியில் செய்தால் அது காட்டேஜ் பை.

ஒரு பெரிய வெங்காயம், இரண்டு காரட், ஒரு செலரித் தண்டு ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, எண்ணெயில் 15 நிமிடம் மெதுவாக வதக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுதும் ஒரு மேசைக்கரண்டி மைதாவும் சேர்த்து ஒரு நிமிடம் கிளறி, 500 கிராம் இறைச்சியைக் கத்தியால் பொடியாகக் கொத்திப் போடுங்கள். மீந்த கிரேவி 300 மில்லியும் ஒரு மேசைக்கரண்டி வூஸ்டர் சாஸும் ஊற்றி 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். வூஸ்டர் நகரில் லீ, பெரின்ஸ் என்ற இரு மருந்துக் கடைக்காரர்கள் 1837இல் விற்கத் தொடங்கிய அந்த சாஸின் புளிப்பில் நம் புளியும் ஒரு பங்கு; நெத்திலி வகை மீனை உப்பிலூற வைத்ததும் அதில் உண்டு. ரோஸ்டின் இனிப்புக்கு எதிரே ஒரு முனை வேண்டும் என்பதை உணர்ந்தவர்களின் தேர்வு அது. கலவை கூழாக இல்லாமல், கரண்டியில் நின்று மெதுவாகச் சரியும் பதத்தில் இருக்கட்டும். ஓவன் பாத்திரத்தில் பரப்பி முழுதாக ஆறவிடுங்கள். சூடாக இருந்தால் மேலே வைக்கும் கிழங்கு உள்ளே மூழ்கிவிடும்.

900 கிராம் கிழங்கை வேகவைத்து, வடித்து, ஆவி போக்கி மசியுங்கள். 75 கிராம் வெண்ணெயை முதலிலும் 100 மில்லி சூடான பாலை அதன்பிறகும் சேர்ப்பது கிழங்கை வழவழப்பாக்கும். மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும். இறைச்சியின் மேல் ஓரங்களிலிருந்து தொடங்கி நடுவை நோக்கிப் பரப்பி, முள்கரண்டியால் உழவுச்சால்கள்போல் கீறுங்கள். அந்த மேடுகள்தாம் ஓவனில் சிவந்து முறுகும். 200 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம், ஓரங்களில் கிரேவி பொங்கி வழிந்து, நடுப்பகுதியும் ஆவி பறக்கச் சூடாகும் வரை. ஒருமுறை சமைத்து மீண்டும் சூடாக்கிய இறைச்சி இது என்பதால், மூன்றாம் முறை சூடாக்க வேண்டாம்.

மீந்த ரோஸ்ட் கிழங்கும் முட்டைக்கோஸும் இருந்தால், அவற்றை ஒன்றாக மசித்து, தோசைக்கல்லில் கொழுப்பு விட்டு, அடி முறுகும் வரை அசையாமல் வைத்துப் புரட்டுங்கள். பபிள் அண்ட் ஸ்குவீக் என்று இதற்குப் பெயர். மேலே ஒரு பொரித்த முட்டையோடு காலை உணவாகும். எலும்பை 2 லிட்டர் நீரில், 75 கிராம் முத்து பார்லியும் காரட், டர்னிப், லீக் ஆகியவையும் சேர்த்து இரண்டு மணி நேரம் சிறு தீயில் வைத்தால் ஸ்காட்லாந்தின் பிராத் என்னும் சூப் கிடைக்கும். பார்லி மலர்ந்து நீர் லேசாகக் கெட்டிப்பட்டதும் எலும்பை எடுத்துவிட்டு, அதில் ஒட்டியிருக்கும் கடைசித் துணுக்குகளையும் கிள்ளிப் போட்டு, உப்பும் நிறைய மிளகும் இட்டுப் பரிமாறுங்கள்.